வில்லனைத் தேடும் அன்பு

காட்டையும் கடலோரத்தையும் அங்கே வாழும் பிராணிகளையும் காப்பதையே ஜீவனோபாயமாகக் கொள்ளப் போகிறேன் என்று ஒரு பையனோ பெண்ணோ கிளம்பிவிட்டால், கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு நடுத்தரக் குடும்பத்தில் என்ன நடக்கும் என்று ஊகிப்பதற்கு நாவலாசிரியனாக இருக்க வேண்டியதில்லை. அப்பா பத்திரிகையை மடித்து வைப்பார். அம்மா, "இதற்கா உன்னை இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்பாள். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர், பாங்குப் பரீட்சைக்கு இன்னும் வயசிருக்கிறது என்று ஞாபகப்படுத்துவார். பிள்ளையிடம் இதற்கெல்லாம் பதில் இராது. பதிலுக்குப் பதிலாகச் சில புத்தகங்கள் இருக்கும். சில கதைகளும் சினிமாக்களும் இருக்கும். இந்தத் தொழிலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் எதையோ படித்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆகவே அந்த எழுத்து எப்படிப்பட்டது என்று பார்ப்பது, இலக்கிய விஷயம் மட்டும் அல்ல. ஒரு குடும்பத்தின் விஷயமும்கூட.

இவ்வகைக் கதைகளில் நூற்றுக்கு எண்பதில் மூன்று பேர்தாம் உண்டு. முதலாவது, வாயில்லாத ஒரு ஜீவன். இரண்டாவது, அதைக் காப்பாற்ற வந்த கதாநாயகன். அவன் நகரத்திலிருந்து வருவான், நன்றாகப் பேசுவான். மூன்றாவது, வில்லன். வில்லன் கோடரியோ வலையோ வைத்திருப்பான். அநேகமாக அந்த ஊர்க்காரனாகவும், பெரும்பாலும் ஏழையாகவும் இருப்பான். கதை முடிவதற்குள் அவன் திருந்த வேண்டும், அல்லது பிடிபட வேண்டும். தொடர்கதைக்கு இது சௌகரியமான ஏற்பாடு. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று வாசகரை ஏங்க வைக்க வில்லனைவிட நல்ல உபகரணம் கிடையாது. ஆனால் இப்படி ஒரு கதையை மனசில் வைத்துக்கொண்டு தொழிலுக்குப் போகிற பிள்ளை, போன இடத்திலும் முதல் காரியமாக வில்லனைத்தான் தேடும். என் ஆட்சேபம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

நல்ல புத்தகங்கள் இல்லாமல் இல்லை. இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, பறவையியல் அறிஞர் சாலிம் அலி ஆங்கிலத்தில் எழுதி 1985ல் வெளிவந்த சுயசரிதை. ஒரு குருவியின் வீழ்ச்சி என்று அதன் தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். சிறு வயசில் காற்றுத் துப்பாக்கியால் அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். அங்கே காரியதரிசியாக இருந்த மில்லர்ட் என்ற வெள்ளைக்காரர், பாடம் பண்ணி வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். இந்தச் சம்பவத்தை எல்லோரும் சொல்கிறார்கள். பாடப் புத்தகங்களுக்கும் போய்விட்டது. நமது கதைகளுக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன: துப்பாக்கி, பாபம், ஞானோதயம்.

ஆனால் புத்தகத்தின் உயிர் அந்தச் சம்பவத்தில் இல்லை. அதற்கப்புறம் வரும் இருபது வருஷத்தில் இருக்கிறது. கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டார். பர்மாவுக்குப் போய் மரமும் சுரங்கமும் சம்பந்தப்பட்ட குடும்ப வியாபாரத்தில் இறங்கினார், வியாபாரம் நொடித்தது. திரும்பி வந்து, பறவைகளுக்கென்று இருந்த ஒரு சர்க்கார் பதவிக்கு முயன்றார். பட்டம் இல்லை என்பதால் கிடைக்கவில்லை. 1926ல் பம்பாய் அருங்காட்சியகத்தில், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை கிடைத்தது. லீவு போட்டு பெர்லினுக்குப் போய் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு 1930ல் திரும்பினால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் ஒரு வீடு இருந்தது. அங்கே போய்த் தங்கினார். பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றை மணிக்கணக்கில், நாள்கணக்கில் பார்த்தார். ஆண் குருவி பல கூடுகளை அரைகுறையாகக் கட்டி வைக்கிறது. பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் குடியேறுகிறது. அப்புறம் ஆண் வேறு கூட்டுக்கும் வேறு துணைக்கும் போய்விடுகிறது. இதை அவர் கண்டு எழுதியதுதான் அவருக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது.

இதில் வில்லன் யார்? யாருமில்லை. வேலையில்லாத ஒரு முப்பத்து நாலு வயசுக்காரரும், ஒரு மரமும், பொறுமையும், அவருக்கு அந்த அவகாசத்தைக் கொடுத்த மனைவி தெஹ்மினாவும் இருக்கிறார்கள். கடைசியில் சொன்னவரைத்தான் வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள். குருவியைச் சுட்ட பையனை ஞாபகம் வைத்துக்கொண்டு, குடும்பம் நடத்திய பெண்ணை மறப்பது வாசிப்பில் உள்ள பெரிய குறை. ஏனென்றால் கடலூரில் இருக்கும் அந்த அம்மா கேட்கிற கேள்விக்கு விடை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இந்தத் தொழிலில் முதல் பத்து வருஷத்தை யாராவது ஒருவர் தாங்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு புத்தகம் தமிழிலேயே இருக்கிறது. "பத்மாவதி சரித்திரம்" எழுதிய மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், தமிழில் எழுதிய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, "மழைக்காலமும் குயிலோசையும்" என்ற பெயரில் நூலாக்கியிருக்கிறார். கிருஷ்ணன் 1950லிருந்து 1996ல் காலமாகும் வரையில், கல்கத்தா "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் ஒரே பத்தியை விடாமல் எழுதினவர். சட்டம் படித்தவர், சண்டூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர், சென்னைக்குத் திரும்பிய பிறகு எழுத்தையும் சித்திரத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். பிற்காலத்தில் "கதிரேசன் செட்டியாரின் காதல்" என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார் என்பதில், கதை எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு.

அவருடைய தமிழில் நான் மிகவும் மதிப்பது, அது எந்தப் பிராணிக்கும் இரக்கம் தேடிக் கொடுப்பதில்லை என்பதுதான். காக்கை காக்கையாகவே வரும். அணில் அணிலாகவே வரும். வாசகரின் கண்ணில் நீர் வரவழைக்க அவர் முயலுவதில்லை. பார்த்ததைச் சொல்லுகிறார், எந்த வேளையில், எந்தக் கிளையில் என்று சொல்லுகிறார். குறை ஒன்றும் சொல்லலாம். அவர் பக்கங்களில் மனிதர்கள் ஓரமாகத்தான் நடந்து போகிறார்கள். காட்டோரத்தில் குடியிருக்கிறவன் என்ன சாப்பிடுகிறான், எதை விற்கிறான் என்பது அவருடைய விஷயம் அல்ல. அவர் காலத்துக்கும் அவர் எடுத்துக்கொண்ட வேலைக்கும் அது போதும். இன்றைக்குத் தொழிலை ஆரம்பிக்கிறவனுக்குப் போதாது. ஏன் போதாது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சிதம்பரத்திலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் போதும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது தில்லை மரத்தால். கோயிலுக்கு ஸ்தல விருட்சம் அது. பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று பயப்படுகிற மரம். ஊருக்குள் தில்லை வனம் இப்போது இல்லை. மரத்தைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உப்பங்கழியில் நிற்கும் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டும். சுரபுன்னை வேர்களை ஊன்றுகோலாக ஊன்றிக்கொண்டு நிற்கும். கண்டல் மரம் சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்களை நீட்டிக்கொண்டிருக்கும். நம்மில் பலருக்கு இந்தக் காடு 1975ல் வந்த "இதயக்கனி" சினிமாவில் எம்.ஜி.ஆர். வந்த இடம். நான் படித்த கதைகளிலும் பிச்சாவரம் ஒரு படகுக் காட்சியாகத்தான் வருகிறது. காதலர்கள் பேசுவதற்கு நிழலான இடம்.

அந்த நிழலுக்குப் பின்னால் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. பல வருஷங்களாகக் காட்டின் நடுப்பகுதிகள் மொட்டையாகிக்கொண்டே வந்தன. மரம் முளைக்கவில்லை, நட்டாலும் பிழைக்கவில்லை. யார் செய்த வேலை இது? எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது: சுற்றுக் கிராமத்துக்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாட்டை ஓட்டிவிடுகிறார்கள். வில்லன் கைவசம் தயாராக இருந்தான். ஏழை, கையில் அரிவாள். கதைக்கு வேறென்ன வேண்டும்?

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையும் தண்ணீரையும் அளந்து பார்த்தபோது கதை வேறு மாதிரி இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் தொடங்கி 1970-கள் வரையில் இந்தக் காட்டைக் கூப்பு முறையில் வெட்டி வந்திருக்கிறார்கள். அதாவது ஒரு பகுதியைக் குறித்து, அதில் உள்ள மரம் அத்தனையையும் ஒரேயடியாக வெட்டி எடுப்பது. சில வருஷம் கழித்து அடுத்த பகுதி. மலைக்காட்டில் இது ஒருவேளை சரிப்படலாம். உப்பங்கழியில் என்ன ஆயிற்றென்றால், மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. சேற்றில் இருந்த ஈரம் ஆவியாயிற்று. சேறு வற்றி அமுங்கித் தாம்பாளம் போலக் குழிந்தது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர், இறக்கத்தில் வெளியே போக வழியின்றிக் குழியில் தேங்கிற்று. வெயில் அதையும் காய்ச்சிற்று. உப்பு மிஞ்சிற்று. அந்த உப்பில் எந்த விதையும் முளைக்கவில்லை. கிராமத்துக்காரர் வெட்டியதும் மாடு மேய்ந்ததும் இல்லாமல் இல்லை. ஆனால் காட்டின் வயிற்றில் விழுந்த மொட்டைக்கு முக்கியக் காரணம், காட்டை நிர்வகிப்பதற்கென்றே போட்ட திட்டம்.

காரணம் தெரிந்த பிறகு மருந்து எளிது. ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து மீன் முள்ளைப் போல இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வாய்க்கால்கள். ஏற்றத்தில் நீர் வந்து, இறக்கத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு போயிற்று. பிறகு கண்டல் நட்டார்கள், பிழைத்தது. கால்வாய் வெட்டியதிலும் நட்டதிலும் பார்த்துக்கொண்டதிலும் கிராமத்தார் வனத்துறையோடு சேர்ந்துகொண்டார்கள். முன்னே வில்லன் வேஷம் போட வைத்தவர்களேதான்.

இதை ஒரு நாவலாசிரியன் கண்ணோடு பார்க்கிறேன். மோசமான துப்பறியும் கதையில் முதல் அத்தியாயத்திலேயே தோட்டக்காரனைச் சந்தேகிப்பார்கள். நல்ல கதையில் வீட்டுச் சொந்தக்காரரின் கணக்குப் புத்தகத்தையும் புரட்டுவார்கள். காட்டைக் காக்கிற தொழிலுக்கு வருகிறவன் எந்தக் கதையைப் படித்து வளர்ந்தான் என்பது இப்போது எவ்வளவு முக்கியம் பாருங்கள்! முதல் கதையைப் படித்தவன் இருபது வருஷம் விறகுக்காரியை விரட்டிக்கொண்டிருப்பான். அவன் அன்பும் உண்மை, உழைப்பும் உண்மை. ஆனால் ஒரு கண்டல் செடிகூட முளைத்திராது.

வில்லனைத் தேடுகிற அன்புக்கு ஒரு தம்பி உண்டு. கதாநாயகனைப் பெரிதாக்குகிற அன்பு. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்துக் கரையை ஆராய்ந்து 2005ல் "சயன்ஸ்" பத்திரிகையில் எழுதினவர்கள், அலையாத்திக்கு முன்னால் கடலோரமாக இருந்த இரண்டு ஊர்கள் முழுக்க அழிந்ததையும், பின்னால் இருந்த மூன்று ஊர்கள் சேதமின்றித் தப்பியதையும் காட்டினார்கள். அதே வருஷம் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் இருவர், பதினெட்டுக் குப்பங்களின் சாவுக் கணக்கை வைத்து, மரம் உயிரைக் காத்தது என்று எழுதினார்கள். நமது பத்திரிகைகளும் மேடைகளும் இதை உடனே எடுத்துக்கொண்டன. மரம் சுவராக நின்று சுனாமியைத் தடுத்தது என்பது கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

2006ல் வேறு மூன்று ஆய்வாளர்கள் அந்தப் பதினெட்டுக் குப்பங்களின் எண்களையே மறுபடி கணக்குப் போட்டார்கள். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பவற்றைக் கழித்துவிட்டால், மரத்தின் பங்கென்று தனியாக எதையும் நிரூபிக்க முடியவில்லை என்றார்கள். அலையாத்தி தானாகவே கரைக்கு உள்ளே, மறைவான இடத்தில்தானே வளர்கிறது! அதற்குப் பின்னால் உள்ள ஊர் கடலுக்குத் தூரமாகத்தானே இருக்கும்! வாதம் இன்னும் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. சாதாரண அலையையும் புயற்காற்றையும் இந்த மரங்கள் தணிக்கின்றன என்பதில் சந்தேகம் கிடையாது. சுனாமியைப் பற்றி அளந்துதான் பேச வேண்டும்.

மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்த அளவு பிடிப்பதில்லை. "நல்ல காரியத்துக்காகக் கொஞ்சம் மிகைப்படுத்தினால் என்ன?" என்கிறார்கள். குப்பத்தில் குடியிருக்கிறவரை நினைத்துப் பார்க்க வேண்டும். மரம் காப்பாற்றும் என்று நம்பி, உயரமான இடத்துக்கு ஓடாமல் ஒருவர் நின்றுவிட்டால்? கதையில் மிகை செய்தால் விமரிசகர் திட்டுவார், அதோடு போயிற்று. இந்தத் தொழிலில் மிகை செய்தால் அதன் செலவை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

மிகையில்லாமல் வழக்காட முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்பதற்குக் கடலூரிலேயே உதாரணம் இருக்கிறது. சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில், காற்று நாறுகிறது என்று ஜனங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் என்பது சொன்னவர் வார்த்தை, காற்றோடு போய்விடும். 2004ல் அந்த ஊர் மக்களில் சிலர் சுற்றுச்சூழல் ஆர்வலர்களோடு சேர்ந்து கண்காணிப்புக் குழு ஒன்று அமைத்துக்கொண்டார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசை, நாற்றம் எதைப் போல, யாருக்குக் கண் எரிந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் விசேஷப் பையை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். வாளியில் பிடித்த காற்றில் பெயர் சொல்லக்கூடிய நச்சு ரசாயனங்கள் இருந்தன. அதற்கப்புறம் நாற்றம் வெறும் வார்த்தையாக இல்லை. இங்கே தவறு செய்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களை முதலில் முடிவு செய்துவிட்டுச் சாட்சி தேடவில்லை. மூக்கும் நோட்டுப் புத்தகமும் முதலில் வந்தன. கிஹிம் கிராமத்தில் தூக்கணாங்குருவியைப் பார்த்தவர் செய்ததும் வேறொன்றுமில்லை.

அந்த அப்பா இன்னும் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். கல்லூரிப் படிப்பை முழுக்க முடிக்காத நான் படிப்பைப் பற்றிச் சொல்வது விந்தைதான். இருந்தாலும் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சாலிம் அலிக்கு இருந்த கதவடைப்பு இப்போது இல்லை. இப்போது படிப்பு உண்டு. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் இருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் மாயூரத்துக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் என்று தனியாகவே துறை உண்டு. டேராடூனில் 1982லும், கோயமுத்தூரை அடுத்து 1990லும் ஏற்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. வனத்துறைக்குத் தேர்வு எழுதலாம். அது நிரந்தர உத்தியோகம். மற்றவை பெரும்பாலும் திட்டத்துக்குத் திட்டம் கிடைக்கிற வேலை. திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். இதை மறைத்துப் பிள்ளையை அனுப்பக் கூடாது. இதைச் சொல்லியே பிள்ளையைத் தடுக்கவும் கூடாது. எழுதிப் பிழைக்கிறவர்கள் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். அப்படியும் கதைகள் எழுதப்படுகின்றன.

படிப்புக்கு முன்னால் செய்து பார்க்கக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. தை மாதத்திலிருந்து பங்குனி வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை. நாயும் நரியும் தோண்டுமுன் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்க, இரவெல்லாம் மணலில் நடக்க வேண்டும். வலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்த ஆமைகளும் அதே மணலில் ஒதுங்கியிருக்கும். அதைப் பார்த்ததும் பிள்ளைக்கு மீனவர்மேல் கோபம் வரும், வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஆமை எந்த இடத்தில் ஏறியது என்று முதலில் வந்து சொல்கிறவரும் அநேகமாக ஒரு மீனவராகத்தான் இருப்பார். அந்த இரண்டையும் ஒரே இரவில் பார்த்து, இரண்டையும் ஒரே நோட்டில் எழுத மனசு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சம்பளமில்லாத பரீட்சைதான். ஆனால் ஒரு பருவத்தில் முடிவு தெரிந்துவிடும்.

கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிச்சாவரத்துக் கழியில் இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வலையில்லாமல், வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். எந்த வேரின் அடியில், எந்த வேளையில், எவ்வளவு உப்பில் இறால் ஒதுங்கும் என்பது அந்த விரல்களுக்குத் தெரியும். நமது கதைகளில் இவர்கள் ஒன்று திருடர்கள், அல்லது கதாநாயகனுக்கு வழி காட்டிவிட்டு மறைகிறவர்கள். இவர்களில் ஒருவரை நடுவில் வைத்து, காட்டின் மொட்டைக்குக் காரணம் தேடுகிற ஒரு நாவலை யாராவது எழுதட்டும். அதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்பினால், அதற்கு நாம் பொறுப்பேற்றுக்கொள்ளலாம்.